முதன்முறை ஐரோப்பா: ஊர் சுற்றத் திட்டமிடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விமானமும் தங்குமிடமும் முடிவான பிறகுதான் பலருக்கும் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. பார்க்க இவ்வளவு இருக்கிறதே, எதை எடுப்பது, எதை விடுவது? முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் பாரிஸ், ரோம், நடுவில் ஃபிளாரன்ஸ், வெனிஸ் அல்லது ஆம்ஸ்டர்டாம் என்றுதான் சுற்றுகிறார்கள். அதனால் பதில்களும் அந்த ஊர்களை வைத்தே இருக்கின்றன. கட்டணமும் நேரமும் அவ்வப்போது மாறும். பணம் கட்டும் முன் அந்தந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பத்து இரவுகள் இருக்கின்றன. எத்தனை நகரங்கள் போகலாம்?

இரண்டு பெரிய நகரங்கள், நடுவில் ஒரு சிறியது. பாரிஸில் நான்கு இரவு, ஃபிளாரன்ஸில் இரண்டு, ரோமில் நான்கு என்று வைத்தால் மூச்சு வாங்காமல் பார்க்கலாம். அதற்கு மேல் ஓர் ஊரைச் சேர்த்தாலும் பார்க்கும் நேரம்தான் குறையும். ஃபிளாரன்ஸிலிருந்து ரோமுக்கு விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் காலையில் அறையைக் காலி செய்து, பெட்டிகளை இழுத்துக்கொண்டு நிலையம் போய், இறங்கி, அடுத்த விடுதியில் அறை கிடைக்கும்வரை காத்திருந்தால் பாதி நாள் போய்விடும். ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாதி நாளைக் கழித்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

இறங்கும் ஊரும் திரும்பும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. விமான டிக்கெட் தேடும்போது ‘மல்டி சிட்டி’ என்ற வசதியில் பாரிஸுக்குப் போய் ரோமிலிருந்து திரும்புவதாகப் போட்டால், கிளம்பிய ஊருக்கே மறுபடி வர வேண்டிய அலைச்சல் மிச்சம்.

சுவிட்சர்லாந்தையும் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். பாரிஸிலிருந்து சூரிக் ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். பனிமலை கட்டாயம் வேண்டும் என்றால் ஃபிளாரன்ஸை விடுங்கள். இரண்டையும் இந்தப் பத்து இரவுக்குள் திணிக்காதீர்கள். லண்டன் வேறு கதை. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும்.

விசா கிடைப்பதற்கு முன்பே நுழைவுச் சீட்டுகளை வாங்கலாமா?

வேண்டாம். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் திட்டம், தங்குமிடம், விமானப் பதிவு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாம் கேட்பார்கள். அருங்காட்சியகச் சீட்டு கேட்பதில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சீக்கிரம் விண்ணப்பித்துவிட்டால் முக்கியமான இடங்களின் முன்பதிவு திறக்கும்போது விசா கையில் இருக்கும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், எந்த ஊரில் எத்தனை இரவு என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஒரு நாளில் எத்தனை இடங்கள் பார்க்கலாம்?

நேரம் குறித்துப் பதிவு செய்த இடம் ஒரு நாளுக்கு ஒன்று போதும். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். அந்த ஒன்றைச் சுற்றி, நடக்கும் தூரத்தில், பதிவு தேவைப்படாத ஒன்றிரண்டை வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இரண்டானால், முதல் இடத்தில் நிற்கும்போதே மனம் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

ரோமில் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் கொலோசியம். அதே சீட்டில்தான் பக்கத்திலுள்ள ரோமன் ஃபோரமும் பாலட்டைன் குன்றும் வருகின்றன. பலர் கொலோசியத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் ஃபோரத்தின் தேய்ந்த கல்பாதையில் நடக்கும்போதுதான் பேரரசின் நடுத்தெருவில் நிற்கிறோம் என்பது உறைக்கும். பாலட்டைன் மேலிருந்து பார்த்தால் மொத்த ஃபோரமும் காலடியில் விரியும். மதியம் பக்கத்து மொன்டி பகுதியில் சாப்பாடு, பிறகு அறையில் ஓய்வு. வெயில் தாழ்ந்ததும் பாந்தியன், நவோனா சதுக்கம், ட்ரெவி நீரூற்று என்று நடந்தே சுற்றலாம். வாடிகனை அடுத்த நாளுக்கு வையுங்கள். கொலோசியத்தையும் வாடிகனையும் ஒரே நாளில் முடித்தவர்களிடம் இரண்டில் எது நினைவிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், கால்வலியைத்தான் சொல்வார்கள்.

போய்ச் சேரும் நாளில் என்ன வைப்பது?

எதுவும் வைக்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் முறை வந்திருக்கிறது. முதன்முறை நுழைபவர்களுக்கு வரிசை நீளலாம். விடுதியைச் சுற்றி ஒரு நடை, சீக்கிரம் சாப்பாடு, தூக்கம். அவ்வளவுதான்.

மறுநாள் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். நம் நேரம் அங்கே கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நான்கரை மணி முன்னால் ஓடுகிறது. புரண்டு படுக்காமல் எழுந்து கிளம்புங்கள். பகலில் தோளோடு தோள் உரசும் ட்ரெவி நீரூற்றில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். முதல் இரண்டு நாள் விடியலுக்கு இதைவிட நல்ல பயன் இல்லை.

எவற்றுக்குக் கட்டாயம் முன்பதிவு வேண்டும்?

நேரில் போனால் கிடைக்கவே கிடைக்காதவை சில இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிடியுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லம். இணையத்தில் மட்டுமே சீட்டு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான சீட்டுகளைத் திறக்கிறார்கள். அந்த ஊர் நேரம் காலை 10 மணி என்றால் கோடையில் நமக்குப் பிற்பகல் 1.30. அன்று கணினி முன் உட்கார்ந்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கிடைப்பது கஷ்டம். வான் கோ அருங்காட்சியகத்துக்கும் இணையத்தில் நேரம் குறித்துத்தான் போக முடியும்.

ரோமில் போர்கேசே கலைக்கூடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கூட்டம் என்று அளந்துதான் உள்ளே விடுகிறார்கள். சிற்பி பெர்னினியின் ‘அப்போலோவும் டாஃப்னியும்’ சிலையில் டாஃப்னி என்ற பெண்ணின் விரல் நுனிகள் இலைகளாக மாறிக்கொண்டிருக்கும். பளிங்கா, நிஜ இலையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெல்லிசாகச் செதுக்கியிருக்கிறார். இந்த ஒன்றுக்காகவே முன்பதிவு செய்யலாம்.

மிலானில் லியொனார்டோவின் ‘கடைசி இராவுணவு’. கால் மணி நேரம்தான் அனுமதி, அதுவும் மாதக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். அதற்காக மட்டும் மிலானைச் சேர்க்க வேண்டுமா என்றால், ஓவியத்தில் ஈடுபாடு இருந்தால் ஆம், இல்லையென்றால் வேண்டாம்.

அடுத்த நிலையில் கொலோசியம், வாடிகன் அருங்காட்சியகம், பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம், ஈஃபிள் கோபுரம், ஃபிளாரன்ஸின் உஃபிசி, அகாதெமியா கலைக்கூடங்கள். கொலோசியம் சீட்டு 30 நாள் முன்பு திறக்கும். பார்ப்பவரின் பெயர் அதில் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி, அன்று பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். ஈஃபிளுக்கு லிஃப்ட் சீட்டு சுமார் 60 நாள் முன்பே வந்துவிடும். அது தீர்ந்துபோனால் மனம் உடைய வேண்டாம். இரண்டாம் தளம்வரை 674 படிகள் ஏறிப் போகும் சீட்டு தனியாக இருக்கிறது, கிடைப்பதும் சுலபம்.

தேடும்போது முதலில் வருகிற இணையதளம் பெரும்பாலும் இடைத்தரகருடையது. அதே சீட்டு அங்கே இரண்டு மடங்கு விலையில் இருக்கும். ‘வரிசையில் நிற்காமல் நுழையலாம்’ என்ற வாசகத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள்; நேரம் குறித்த சாதாரணச் சீட்டிலும் சீட்டு வாங்கும் வரிசை கிடையாது, பாதுகாப்புச் சோதனை வரிசை எந்தச் சீட்டுக்கும் உண்டு.

விடுமுறை நாட்கள் எப்படி?

திங்கள்தானே விடுமுறை என்று பொதுவாக நினைத்துவிட்டால் மாட்டிக்கொள்வோம். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை. அதே பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்துக்கும், வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். உஃபிசி, அகாதெமியா, போர்கேசே எல்லாம் திங்கள். வாடிகன் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் திறந்து இலவசமாக விடுவார்கள், அன்று கூட்டம் தாங்காது. போப் பொதுமக்களைச் சந்திக்கும் புதன்கிழமை காலையில் புனித பேதுரு பேராலயத்துக்குள் போக முடியாது. ஓர் இடம் மூடியிருக்கும் நாளில் மற்ற இடங்களில் கூட்டம் கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். செவ்வாய் வெர்சாய் நிரம்பி வழிவது இதனால்தான்.

மே 1, டிசம்பர் 25, ஜனவரி 1 ஆகிய நாட்களில் பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் மூடியிருக்கும். பாரிஸில் பொம்பிடூ மையம் 2025இலிருந்து புதுப்பிப்புக்காக மூடப்பட்டிருக்கிறது, 2030இல்தான் திறக்கும். பழைய பட்டியல்களில் அது இன்னும் இருக்கிறது, அடித்துவிடுங்கள்.

லூவ்ர் மிகப் பெரியதாமே. மூன்று மணி நேரத்தில் என்ன பார்ப்பது?

புதன், வெள்ளி மாலைகளில் இரவு 9 வரை திறந்திருக்கும். அந்த மாலை நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். காலைக் குழுக்கள் போன பிறகு கூடங்கள் காலியாகும். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குக் கட்டணம் 32 யூரோ. கொடுக்கிற பணத்துக்கு நிதானமாகப் பார்ப்பதே நியாயம்.

மோனாலிசாவைப் பார்க்காமல் வர மனம் வராது, சரி. அது 77 சென்டிமீட்டர் உயரமுள்ள சின்னப் படம். தடுப்புக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். கைப்பேசிகளின் காட்டைத் தாண்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்புங்கள். எதிர்ச் சுவர் முழுக்க வெரோனீஸின் ‘கானாவூர்த் திருமணம்’. கிட்டத்தட்ட பத்து மீட்டர் அகலம். பந்தி, பரிமாறுகிறவர்கள், வாத்தியக்காரர்கள், நாய்கள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். அந்த அறைக்கு வருகிற பெரும்பாலானோர் இதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

அங்கிருந்து வெளியே வந்தால் படிக்கட்டின் உச்சியில் சமோத்ரேஸின் வெற்றித் தேவதை. கீழே இறங்கி நின்று, ஏறிக்கொண்டே பாருங்கள். தலையில்லாத அந்தச் சிலை காற்றை எதிர்த்து வந்து இறங்குவது போலவே தெரியும். பிறகு ஹமுராபியின் சட்டக் கல். இந்த நான்கும், போகிற வழியில் உங்கள் கண்ணை இழுக்கிற மற்றவையும் போதும்.

அருங்காட்சியக பாஸ் வாங்குவது லாபமா?

பாரிஸ் மியூசியம் பாஸ் இரண்டு, நான்கு, ஆறு நாட்களுக்கு உண்டு. அதில் ஈஃபிள் கோபுரம் கிடையாது. லூவ்ருக்கு பாஸ் இருந்தாலும் நேரத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டிய பணம் திரும்ப வேண்டும் என்று நாளுக்குப் பல இடம் ஓட வேண்டாம் என்பதே என் கட்சி. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு பாஸே தேவையில்லை. லூவ்ரிலும், கொலோசியம், உஃபிசி போன்ற இத்தாலிய அரசு அருங்காட்சியகங்களிலும் அவர்களுக்கு நாடு பார்க்காமல் இலவசம். நேரம் குறிக்கிற இடங்களில் அவர்கள் பெயரிலும் இலவசச் சீட்டைப் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

செலவில்லாமல் பார்க்க நல்லவை என்ன?

ரோமின் தேவாலயங்கள். நவோனா சதுக்கத்துக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் ஃபிரான்சேசி என்ற தேவாலயம் இருக்கிறது. இடப்பக்கம் கடைசிச் சிற்றாலயத்தில் கரவாஜியோ வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள், புனித மத்தேயுவைப் பற்றியவை. இடப்பக்கச் சுவரில் இருப்பதைப் பாருங்கள். வரி வசூலிக்கிறவர்கள் மேசையைச் சுற்றிக் காசு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வலப்பக்க இருட்டிலிருந்து இயேசு கை நீட்டுகிறார். அந்தக் கைக்கு மேலே ஒளி சாய்வாகச் சுவரில் விழுகிறது. மேசையின் இடக்கோடியில் ஒரு இளைஞன் மட்டும் தலை நிமிராமல் இன்னும் காசு எண்ணுகிறான். 1600இல் முடிந்த படம், இன்றைக்கு எந்த அலுவலகத்திலும் பார்க்கக்கூடிய காட்சி. விலைக்கு வந்தால் கோடிக்கணக்கில் போகும் இந்த ஓவியத்தின் முன் காசில்லாமல் நிற்கலாம். மதியம் சில மணி நேரம் பூட்டிவிடுவார்கள், காலையிலேயே போங்கள். இன்னும் இரண்டு கரவாஜியோ ஓவியங்கள் சாந்தா மரியா தெல் போப்பொலோ தேவாலயத்தில், ஒன்று சான்த் அகொஸ்தினோவில். ஆக ஆறும் இலவசம்.

பாரிஸில் நோத்ர்தாம். 2019 ஏப்ரல் தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தார்கள். கழுவித் துடைத்த கல் வெளிறிய பால் நிறத்தில் இருக்கிறது. நுழைவு இலவசம். பெத்தி பலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சியும், நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் கார்னவாலே அருங்காட்சியகமும் அப்படியே.

மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலிய அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்பதைக் கேட்டு ஆசைப்பட வேண்டாம். கொலோசியத்தில் அன்று மிச்சமாகும் யூரோவை வரிசையில் நின்றே கழித்துவிடுவீர்கள்.

தேவாலயங்களுக்கு உடைக் கட்டுப்பாடு உண்டா?

உண்டு. புனித பேதுரு பேராலயத்திலும் வாடிகன் அருங்காட்சியகத்திலும் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் கவலையில்லை. சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது.

அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறோம். மூட்டுவலி இருக்கிறது. சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் திட்டத்தை அவர்கள் காலை வைத்துப் போட வேண்டும். ரோமின் பழைய பகுதியில் தெருவெல்லாம் சிறு கருங்கல் பாவியது. புதுச் செருப்போடு நடந்தால் மாலைக்குள் பாதம் எரியும். ஊரில் ஒரு மாதம் போட்டுப் பழகிய ஷூவோடு வரச் சொல்லுங்கள். பாரிஸ் மெட்ரோவில் பல நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, மாறும் இடங்களில் படி ஏறி இறங்க வேண்டும். பதினான்காம் எண் தடம் முழுக்க லிஃப்ட் உள்ளது. மற்றபடி பேருந்தே நல்லது, ஜன்னலோரம் ஊரையும் பார்த்துக்கொண்டே போகலாம். கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது. லூவ்ரில் சக்கர நாற்காலி இலவசமாகத் தருகிறார்கள்.

வாடிகன் பேராலயத்தின் குவிமாடத்துக்கு லிஃப்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். லிஃப்டுக்குப் பிறகும் 320 படிகள் உண்டு. அவர்களைக் கீழேயே விட்டுவிட்டு நீங்கள் ஏறுங்கள். சேன் நதியில் ஒரு மணி நேரப் படகுச் சுற்று அவர்களுக்கு மிகவும் பிடிக்கும். ஈஃபிளும் நோத்ர்தாமும் உட்கார்ந்த இடத்திலேயே வந்து போகும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, இல்லையென்றால் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர். பள்ளி விடுமுறையால் மே மாதம்தான் முடியும் என்றால் அது நல்ல மாதமே. ஜூனில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்தாகிவிடும், வெளிச்சமே கூடுதலாக ஒரு மாலையைத் தரும். ஜூலை, ஆகஸ்டில் ரோம் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். நமக்கு வெயில் புதிதா என்று தோன்றும். ஃபோரத்தில் ஒதுங்க நிழல் கிடையாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி இத்தாலியில் பல சிறு கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும்.

ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். தெருவோரம் வளைந்த மூக்குக் குழாயோடு இரும்புத் தூண் போல நிற்கும் ‘நசோனி’ குழாய்களில் நாள் முழுக்கக் குளிர்ந்த குடிநீர் ஓடுகிறது. குழாயின் நுனியை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். பிள்ளைகளுக்கு இதுவே ஒரு விளையாட்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

இத்தாலியில் கவலையே இல்லை. பீட்சா மரினாராவில் சீஸ்கூட இருக்காது: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய். தக்காளி பாஸ்தாவும் எங்கும் உண்டு. பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் செய்யப்படுவது; அதைத் தவிர்க்கிறவர்கள் மேலே தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாரிஸில் மாரே பகுதியின் ரோசியே தெருவில் ஃபலாஃபல் வயிறு நிறையக் கிடைக்கும். அங்கே மதியச் சாப்பாடு 12 முதல் 2 வரைதான், இரவு உணவகங்கள் ஏழு மணிக்கு மேல்தான் திறக்கும். நடுவில் பசித்தால் பேக்கரிதான் துணை.

திருட்டு பயம் உண்மையா?

கத்தியைக் காட்டிப் பறிப்பது அரிது. பாக்கெட் அடிப்பது தாராளம். பாரிஸ் மெட்ரோவின் முதலாம் எண் தடம், ரோமின் தெர்மினி நிலையம், வாடிகன் பக்கம் போகும் 64ஆம் எண் பேருந்து ஆகியவற்றில் பையை முன்னால் மாட்டுங்கள். பாரிஸின் சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருபவர்களுக்கும், ஈஃபிள் அருகே கையெழுத்து கேட்டு அட்டையோடு வருபவர்களுக்கும் நிற்காமல் நடப்பதே பதில். பாஸ்போர்ட்டின் நகலை கைப்பேசியிலும் வீட்டாரிடமும் வைத்திருங்கள்.

ரயில், மெட்ரோ சீட்டில் கவனிக்க வேண்டியது?

இத்தாலியில் உள்ளூர் ரயிலுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறும் முன் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் நுழைத்து முத்திரை குத்த வேண்டும். இல்லையென்றால் சீட்டு இருந்தும் அபராதம். பாரிஸின் வார பாஸ் எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான் செல்லும். வியாழக்கிழமை போய் இறங்குகிறவர்களுக்கு அது நஷ்டம். வெனிஸுக்குப் பகல் மட்டும் போய் வருவதானால், ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பும் நாளில் பாரிஸில் அரை நாள் மிச்சம். விமானம் மாலையில். என்ன செய்யலாம்?

பெட்டிகளை விடுதி வரவேற்பறையில் வைத்துவிட்டுக் காலையில் பக்கத்துப் பூங்காவில் உட்காருங்கள். லுக்சம்பூர் தோட்டத்தில் இரும்பு நாற்காலியை விருப்பமான இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். மதியம் பெட்டிகளோடு கார் துய் நோர் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். நிலையத்துக்குப் பின்னால் பத்து நிமிட நடையில் லா ஷப்பேல். ஈழத்தமிழர்கள் வாழ்ந்து வளர்த்த தெரு அது: தமிழ்ப் பெயர்ப் பலகைகள், மளிகைக் கடைகள், நகைக் கடைகள், இடியப்பமும் கொத்து ரொட்டியும் தோசையும். ஆகஸ்ட் இறுதியில் மாணிக்க விநாயகர் ஆலயத் தேர் அந்தப் பகுதித் தெருக்களில்தான் வரும், தேங்காய்கள் சாலையில் உடைபடும். சாப்பிட்டு முடித்து நிலையத்துக்குத் திரும்பினால் ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் தடத்தில் நேராக சார்ல் த கோல் விமான நிலையம். சுமார் அரை மணி நேரம் ஆகும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருக்கும்படி கிளம்புங்கள்.